போக ஏழு மணி, வர ஒன்றேமுக்கால் மணி: சென்னை – சிங்கப்பூர் வான்வழித் தூரத்தையும் நேரத்தையும் நானே கணக்கிட்ட அனுபவம்

சென்ற ஆண்டு ஜூலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்வரப் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். அச்செடுத்த தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்த அம்மா, "ஏம்ப்பா, ராத்திரி பதினொன்னேகாலுக்குக் கிளம்பி காலையில ஆறேகாலுக்குப் போகுது. வரும்போது ஏழஞ்சுக்குக் கிளம்பி எட்டு அம்பதுக்கே வந்துடுது. போக ஏழு மணி நேரம், வர ஒன்னேமுக்கால் மணி நேரமா?" என்று கேட்டார். இரு ஊர்களின் கடிகாரங்களும் இரண்டரை மணி நேரம் வேறுபடுகின்றன என்று விளக்கினேன். தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பவும் போக நாலரை, வர நாலேகால். ஒரே தூரத்துக்கு எதுக்குக் கால் மணி வித்தியாசம்?" என்றார். அதற்கு என்னிடம் சரியான விடை இல்லை. பயணத்துக்கு மூன்று வாரங்கள் இருந்தன. தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, அந்தக் கால் மணி நேரம் எங்கே போகிறது என்பதை நானே அளந்துவிடுவது என்று அன்றைக்கு உட்கார்ந்தேன்.

முதலில் நூலில் தொடங்கினேன். அக்கா பிள்ளைகள் விட்டுப்போன பூமி உருண்டை ஒன்று பரண்மேல் கிடந்தது. அதன் நிலநடுக்கோட்டைச் சுற்றித் தையல் நூலைப் பிடித்தபோது 94 செ.மீ. வந்தது. உண்மையான நிலநடுக்கோட்டின் சுற்றளவு 40,075 கி.மீ. என்பதால், அந்த உருண்டையில் ஒரு செ.மீ. சுமார் 426 கி.மீ.க்குச் சமம். சென்னைப் புள்ளிக்கும் சிங்கப்பூர்ப் புள்ளிக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து, பேனாவால் குறியிட்டு, அளவுகோலில் வைத்துப் பார்த்தேன், 6.9 செ.மீ., அதாவது ஏறத்தாழ 2,940 கி.மீ. உருண்டையின்மீது இறுக்கிப் பிடித்த நூல் மிகக் குறுகிய வழியைத் தானே தேடி அமர்ந்துகொள்கிறது என்பதுதான் இந்த முறையின் அழகு. பெருவட்டம் என்று பாடநூல்கள் வரையறுப்பதை விரல் நுனியில் உணர முடிகிறது. நூல் வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, பெரிய நிக்கோபாரின் தென்முனைக்கும் சுமாத்திராவின் வடமுனைக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து, மலாக்கா நீரிணையின் நீளவாக்கில் இறங்கிச் சிங்கப்பூரைத் தொட்டது. ஆனால் உருண்டையில் அச்சிட்டிருந்த ஊர்ப் புள்ளியே ஒன்றரை மி.மீ. அகலம், அதுவே அறுபது கிலோமீட்டருக்கு மேல். இதற்குமேல் நூலால் துல்லியம் கேட்பது நியாயமில்லை.

அடுத்து விரிதாளுக்கு வந்தேன். சென்னை விமான நிலையம் வடக்கு 12 பாகை (டிகிரி) 59 கலை (மினிட்), கிழக்கு 80 பாகை 10 கலை. சாங்கி விமான நிலையம் வடக்கு 1 பாகை 21 கலை, கிழக்கு 103 பாகை 59 கலை. கணக்கிடும் வழியான ஹாவர்சைன் சூத்திரம் பழையது. அந்தப் பெயரே 1835இல் கடலோடிகளுக்கான அட்டவணைகளுக்காகச் சூட்டப்பட்டது. இரு அகலாங்குகளின் வேறுபாட்டில் பாதியை எடுத்து அதன் சைனை வர்க்கமாக்க வேண்டும். நெட்டாங்கு வேறுபாட்டின் பாதிக்கும் அவ்வாறே செய்து, அதை இரு அகலாங்குகளின் கோசைன்களாலும் பெருக்கி, முன்னதோடு கூட்ட வேண்டும். அந்தத் தொகையின் வர்க்கமூலத்துக்கு எதிர்ச்சைன் கண்டு இரட்டித்தால், இரு ஊர்களும் பூமியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் கிடைக்கும். அதைப் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யால் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

எனக்கு முதலில் வந்த விடை 10,028 கி.மீ. நூல் காட்டியது அதில் பாதிகூட இல்லை என்பதால் பிழை உடனே தெரிந்தது. விரிதாளின் சைன், கோசைன் கட்டளைகள் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கின்றன. நான் பாகையிலேயே கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கோணத்தையும் ரேடியனாக மாற்றியபின் 2,881 கி.மீ. வந்தது. இது நூலின் அளவுக்கு அருகிலேயே இருந்ததால், முடிந்தது என்று எண்ணிக் கணினியை மூடிவிட்டேன்.

அந்த 2,881 தவறு என்பது இரண்டு நாள் கழித்து வேறொரு வழியில் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கடல் மைல் என்பது பூமியின்மேல் ஒரு கலைத் தொலைவு என்ற அடிப்படையில் பிறந்த அளவு. ஆகவே மையக் கோணத்தைக் கலைகளாக்கினால் கடல் மைல் கணக்கு ஏறத்தாழ அப்படியே கிடைக்க வேண்டும். அதற்காக இரு நிலையங்களின் அகலாங்கு வேறுபாட்டைத் தாளில் கையால் கழித்தேன். 12 பாகை 59 கலையிலிருந்து 1 பாகை 21 கலை போக 11 பாகை 38 கலை. விரிதாளிலும் 11.38 என்றே இருந்தது. சரிதானே என்று கடந்து போகவிருந்தவன், அந்தப் புள்ளியைப் பார்த்து நின்றேன். 38 கலை என்பது 0.38 பாகை அன்று. அறுபதில் முப்பத்தெட்டுப் பங்கு, அதாவது 0.63 பாகை. நான் 12 பாகை 59 கலையை 12.59 என்றும், 80 பாகை 10 கலையை 80.10 என்றும் தட்டச்சு செய்திருந்தேன். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய என் தாத்தா இந்தப் பிழையைச் செய்திருக்கமாட்டார்; நாழிகையும் விநாழிகையும், பாகையும் கலையும் அறுபது அறுபதாக உருள்வது அவருக்குக் கைப்பழக்கம். எனக்கோ புள்ளியைக் கண்டால் பத்தின் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

கலைகளை அறுபதால் வகுத்துத் திருத்தியபின் மையக் கோணம் 26.3 பாகை என்றும், தூரம் 2,924 கி.மீ. என்றும் வந்தன. 26.3ஐ அறுபதால் பெருக்கினால் 1,578 கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. வீதம் 2,922 கி.மீ. இரண்டு வழிகளும் ஒத்துப்போயின. பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தேன். இந்த வழித்தடத்தில் அதனால் வரும் மாற்றம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உயரத்தால் வருவது அதைவிடச் சற்று அதிகம்: பதினொரு கி.மீ. உயரத்தில் பறக்கும்போது அதே வில் ஐந்து கி.மீ. நீள்கிறது.

இவ்வளவு சுற்றல் எதற்கு, பாகை வேறுபாடுகளுக்குப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு 111.2ஆல் பெருக்கினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டுப் பார்த்தோம், 2,947 கி.மீ. வந்தது, 23 கி.மீ. மட்டுமே அதிகம். இரு ஊர்களும் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் தப்பித்தோம். அதே குறுக்குவழியைச் சென்னை – லண்டனுக்குப் போட்டபோது 9,930 கி.மீ. என்றது; உண்மையான பெருவட்டத் தூரம் சுமார் 8,230 கி.மீ. தான். வடக்கே போகப்போக நெட்டாங்குக் கோடுகள் நெருங்கிவருவதை அந்தக் குறுக்குவழி அறியாது. நண்பர் தேநீரை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

தூரம் கைக்கு வந்ததும் நேரம் சுலபம் என்று நினைத்தேன். இந்த வழித்தடத்தில் ஓடும் ஒற்றை நடைபாதை ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ 78 விழுக்காட்டில் பறக்கின்றன. அந்த உயரத்தில் அது மணிக்கு 830 கி.மீ. அளவு. 2,924ஐ 830ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். பயணச்சீட்டோ நாலரை என்கிறது. ஒரு மணி நேரம் உதைக்கிறது. சீட்டிலுள்ள நேரம் வாசலிலிருந்து வாசல் வரையிலானது என்பதும், அதில் தரையில் ஊர்ந்துபோகும் நேரமும் ஏற்ற இறக்கங்களும் அடங்கும் என்பதும் தெரியும். ஆனால் எதற்கு எத்தனை நிமிடம் என்பதை மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

இதற்கிடையில் என் விரிதாளின் நேரப் பகுதியிலும் ஒரு பிழை இருந்தது. மொத்தம் ஏழு மணி நேரத்திலிருந்து கடிகார வேறுபாட்டைக் கழித்தால் நாலரை வரவேண்டிய இடத்தில் 4 மணி 42 நிமிடம் என்று வந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரத்தை 2.30 என்று உள்ளிட்டிருந்தேன்; விரிதாள் அதை 2.3 மணி, அதாவது 2 மணி 18 நிமிடம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பாகையில் செய்த அதே பிழையை மணியிலும் செய்திருக்கிறேன். எல்லா நேரங்களையும் நிமிடங்களாகவே எழுதி, கடைசியில் மட்டும் மணியாக மாற்றும்படி முழுத் தாளையும் திருத்தி அமைத்தேன். இந்த வேலையில் உருப்படியான முடிவு என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

திருத்திய தாளைச் சோதிக்க அப்பாவின் 1979ஆம் ஆண்டு நாட்குறிப்பு கிடைத்தது. வேலைக்காக அவர் முதன்முதலாகச் சிங்கப்பூர் போன இரவை, மீனம்பாக்கத்தில் 10.40க்குப் புறப்பட்டு அங்கே 5.05க்குச் சேர்ந்ததாகக் குறித்திருந்தார். இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 3 மணி 55 நிமிடம். அக்காலத்து விமானங்கள் இன்றைக்குள்ளவற்றைவிட அரைமணி நேரம் வேகமாகப் போயிருக்கின்றன என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். பிறகுதான் உறைத்தது. சிங்கப்பூர் இன்றுள்ள நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1 அன்று. மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ளியபோது சிங்கப்பூரும் உடன் தள்ளியது. 1979இல் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இரண்டு மணி நேரம்தான். ஆகவே அப்பாவின் பயணம் 4 மணி 25 நிமிடம். நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் இந்த வழித்தடத்தில் யாரும் வேகமாகிவிடவில்லை. இலங்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 1996இல் கடிகாரத்தை முன்தள்ளிய அந்த நாடு 2006 ஏப்ரலில்தான் மீண்டும் நம் நேரத்துக்கே திரும்பியது. பழைய பயணங்களைக் கணக்கிட, தாளில் ஆண்டுக்கென்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

பயண நாளன்று சன்னலோர இருக்கை வாங்கி, கைப்பேசியை விமான நிலையில் வைத்து, ஜிபிஎஸ் தடம் பதியும் செயலியை ஓடவிட்டேன். அலைவரிசைத் தொடர்பு இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோள்களைக் கேட்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை. சன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் மட்டுமே சமிக்ஞை நின்றது. மடியில் வைத்தால் அறுந்தது. கடைசியில், கீழே விழாதபடி அம்மாவின் கைக்குட்டையால் சன்னல் விளிம்பில் அணைகொடுத்து நிறுத்தினேன். கூடவே ஒரு சிறு நோட்டில் நான்கு நேரங்களை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்: வாசலிலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்ட நேரம், சக்கரம் தரையை விட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம், வாசலில் நின்ற நேரம்.

அன்றைய இரவில் அவை 23.22, 23.41, சிங்கப்பூர் நேரப்படி 06.08, 06.17. வானில் இருந்தது 3 மணி 57 நிமிடம். தரையில் ஊர்ந்தது 19 நிமிடமும் 9 நிமிடமும். மொத்தம் 4 மணி 25 நிமிடம். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது சிங்கப்பூர் நேரப்படி 19.10, 19.29, நம் நேரப்படி 20.30, 20.37. வானில் 3 மணி 31 நிமிடம், மொத்தம் 3 மணி 57 நிமிடம். சீட்டில் கண்ட வேறுபாடு கால் மணிதான். வானில் உண்மையில் இருந்தது 26 நிமிடம்.

கைப்பேசிப் பதிவை விரிதாளில் இறக்கி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையிலான தூரங்களைக் கூட்டியபோது முதலில் ஒரு வேடிக்கை நடந்தது. விமானம் வாசலில் அசையாமல் நின்ற இருபது நிமிடங்களுக்குள் நாங்கள் 600 மீட்டர் நகர்ந்துவிட்டதாகக் கூட்டுத்தொகை காட்டியது. ஜிபிஎஸ் காட்டும் இடம் நொடிக்கு நொடி சில மீட்டர்கள் தத்தளிக்கும்; அந்தத் தத்தளிப்பும் தூரமாகச் சேர்ந்துவிடுகிறது. தரைப் பகுதியை வெட்டிவிட்டு, வானில் இருந்த பகுதியில் பத்து நொடிக்கு ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டேன். போகும்போது பறந்தது 3,031 கி.மீ., வரும்போது 2,986 கி.மீ. பெருவட்டத்தைவிட முறையே 107 கி.மீ., 62 கி.மீ. கூடுதல்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பது தடத்தை வரைபடத்தில் இட்டதும் தெரிந்தது. நடுக்கடலில் விமானம் நூல் காட்டிய கோட்டை விட்டு அதிகம் விலகவேயில்லை. விலகலெல்லாம் இரு முனைகளில்தான் இருந்தது. ஜூலை இரவில் சென்னையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்தே எழும்ப வேண்டும் என்பதால், முதன்மை ஓடுபாதையின் 25 என்ற முனை பயன்பாட்டில் இருந்தது. காந்தத் திசையில் சுமார் 250 பாகை நோக்கியது என்பதே அந்த எண்ணின் பொருள். சிங்கப்பூர் தென்கிழக்கே 114 பாகையில் இருக்க, நாங்கள் அதற்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் எழும்பி, வளைந்து திரும்பி, மறுபடி கரையைக் கடந்து கடலுக்குள் போனோம். சாங்கியை நெருங்கியபோதும் அவ்வாறே: நேராக இறங்காமல் வடக்கே ஒரு சுற்று வளைந்து, தெற்கு நோக்கி ஓடுபாதையில் இறங்கினோம்.

இனி அம்மாவின் கால் மணி நேரம். பறந்த தூரத்தை வானில் இருந்த நேரத்தால் வகுத்தால், போகும்போது சராசரி மணிக்கு 767 கி.மீ., வரும்போது 849 கி.மீ. ஒரே வகை விமானம், ஏறத்தாழ ஒரே உயரம். இரு வேகங்களின் வேறுபாட்டில் பாதி, அதாவது மணிக்கு 41 கி.மீ., சுமார் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்), காற்றின் பங்கு. இரண்டின் சராசரியான 808 கி.மீ., ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்து விமானத்தின் சொந்த வேகம். கீழே மேற்கிலிருந்து வீசிய காற்று மேலே கிழக்கிலிருந்து வீசியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 14 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் வலுவான காற்றோட்டம் ஒன்று உண்டு. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று எனப்படும் அதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர், பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநரான பி. கோட்டீஸ்வரம். நாங்கள் பறந்தது அதன் உச்சிக்குக் கீழேதான் என்றாலும், அதன் விளிம்பே எங்களைப் பிடித்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது. ஒரே இரவில் தரைக்காற்று எங்களைத் தவறான திசையில் எழும்ப வைத்தது. மேல்காற்று சரியான திசையில் போகவிடாமல் இழுத்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வருபவர்கள் கிழக்கே போகையில் வேகம், மேற்கே போகையில் தாமதம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது வடக்கே வீசும் மேற்கத்திய ஜெட் காற்றின் கதை. நம் பக்கத்து ஜூலையில் கதை தலைகீழ்.

இந்த எண்களைக் கொண்டு தாளில் ஒரு விதி எழுதினேன். பெருவட்டத் தூரத்தோடு மூன்று விழுக்காடு சேர்த்து, 808ஆல் வகுத்து, தரையில் ஊர்வதற்கு 27 நிமிடம் கூட்டுவது. சென்னை – சிங்கப்பூருக்கு அது 3 மணி 44 நிமிடம் வானிலும், மொத்தம் 4 மணி 11 நிமிடமும் தருகிறது. சீட்டிலுள்ள இரு நேரங்களின் சராசரி 4 மணி 22 நிமிடம். மிச்சமுள்ள 11 நிமிடம் தாமதத்துக்காக நிறுவனம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடைவெளி என்று கொள்கிறேன். ஜனவரியில் அக்கா பிள்ளைகள் வந்துபோனபோது அதே நான்கு நேரங்களை எழுதிவரச் சொன்னேன். வானில் 3 மணி 41 நிமிடம், 3 மணி 50 நிமிடம். கிழக்கு ஜெட் காற்று இல்லாத பருவத்தில் விதி ஆறு நிமிடத்துக்குள் நின்றது.

அந்த மகிழ்ச்சியில் அதையே சென்னை – யாழ்ப்பாணத்துக்கும் போட்டேன். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நம் நெட்டாங்கிலேயே நேர் தெற்கே 3 பாகை 12 கலை தொலைவில் இருக்கிறது, 356 கி.மீ. என்று நூல்கூட இல்லாமல் சொல்லிவிடலாம். கடிகார வேறுபாடும் கிடையாது. என் விதி 54 நிமிடம் என்றது; கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரமும் அதற்கு மேலும் போட்டிருக்கிறார்கள். அங்கே பறப்பது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். நிலையான உயரத்திலேயே மணிக்கு 500 கி.மீ. அளவுதான் போகும். அதோடு, இவ்வளவு குறுகிய வழியில் நேரத்தின் பெரும்பங்கு ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடுவதால், நீண்ட வழியில் கண்ட சராசரி இங்கே செல்லாது. விசிறி விமானத்துக்கென்று தாளில் தனி வரிசை போட்டிருக்கிறேன். வேகத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. பலாலிக்கு ஒருமுறை போய் அந்த நான்கு நேரங்களை எழுதிக்கொண்டு வந்துதான் அதை நிரப்ப வேண்டும். கைக்குட்டை தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.